'க்வைதான்' முதல்முறை பார்க்கிறவர்களுக்கு: மூன்று மணி நேரப் பேய்ப்படத்தைக் காதால் பார்ப்பது எப்படி?

பழைய பேய்ப்படம் ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று ஆசையாக உட்கார்ந்து, இருபதாவது நிமிடத்தில் கைபேசியை எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. அவர்களையும் குறை சொல்ல முடியாது, படத்தையும் குறை சொல்ல முடியாது. இந்தப் படங்களின் நடை வேறு. அதிலும் பல கதைகளைக் கோத்த அந்தாலஜி படம் என்றால் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஒரு கதையில் மனம் ஒன்றி வரும் நேரத்தில் அது முடிந்துபோகும். அடுத்த கதை புது ஆட்களோடு, புது ஊரில், முதலிலிருந்து தொடங்கும். கொஞ்சம் தயாரிப்பு இல்லாமல் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போகத்தான் தோன்றும்.

பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மசாகி கோபயாஷி இயக்கிய 1964-ஆம் ஆண்டின் ஜப்பானியப் படம், 'க்வைதான்'. பழைய அந்தாலஜி பேய்ப்படங்களில் யாராவது ஒன்றே ஒன்று சொல் என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். இதை ஒழுங்காகப் பார்த்துப் பழகியவருக்கு மற்ற படங்கள் எளிது.

படத்தைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

நான்கு கதைகள். நான்குக்கும் மூலம் லஃப்காடியோ ஹெர்ன் எழுதிய புத்தகங்கள். ஹெர்ன் 1850-ல் கிரேக்கத் தீவான லெஃப்காடாவில் பிறந்தவர். அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் சின்சினாட்டியிலும் நியூ ஆர்லியன்ஸிலும் பத்திரிகை வேலை பார்த்து, 1890-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கே செட்சு என்ற பெண்ணை மணந்து, கோய்சுமி யாகுமோ என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1904-ல் தோக்கியோவில் இறந்தார். மனைவி சொன்ன கதைகளையும் பழைய ஜப்பானியப் புத்தகங்களில் கிடைத்த கதைகளையும் அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ஜப்பானியர்கள் தங்கள் சொந்தப் பேய்க்கதைகளை, ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதிய வடிவத்திலிருந்து மறுபடி தங்கள் மொழிக்கு எடுத்துக்கொண்டு செய்த படம் இது.

படத்தின் பெயர் ஹெர்ன் 1904-ல் வெளியிட்ட தொகுப்பின் பெயர்தான். ஆனால் நான்கில் இரண்டு கதைகள் மட்டுமே அதில் இருப்பவை. மற்ற இரண்டும் 1900-லும் 1902-லும் வந்த வேறு தொகுப்புகளிலிருந்து எடுத்தவை. புத்தகத்தை வாங்கிவிட்டு "முதல் கதையையே காணோமே" என்று தேடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கோபயாஷி பேய்ப்படக்காரர் அல்ல. போருக்கு எதிராக 'மனித நிலை' என்ற ஒன்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட மூன்று பாகப் படத்தையும், 1962-ல் 'ஹராகிரி'யையும் எடுத்தவர். இரண்டாம் உலகப் போரில் அவரையும் ராணுவத்தில் சேர்த்துவிட்டார்கள். பதவி உயர்வு வேண்டாம் என்று மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே இருந்தார். இது மூன்றாவது கதைக்கு வரும்போது தேவைப்படும். இன்னொன்று, அவர் வாசேடா பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தவர். 'க்வைதான்' அவருடைய முதல் வண்ணப்படம். இது படம் முழுக்கத் தேவைப்படும். 1965-ல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறப்பு நடுவர் பரிசு வாங்கியது, ஆஸ்கருக்கும் பரிந்துரையானது. தயாரித்த நிறுவனம் செலவு தாங்காமல் நொடித்துப்போனது தனிக்கதை.

முதல் படி: எந்த வடிவம் என்று பாருங்கள்

பிளே பட்டனை அழுத்துவதற்கு முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 183 நிமிடம் என்று இருந்தால் சரி, அதுதான் முழுப்படம். கானில் காட்டுவதற்காகக் குறைத்த 161 நிமிட வடிவம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் வெளியிட்டபோது இன்னும் வெட்டி 125 நிமிடம் ஆக்கினார்கள். இரண்டாவது கதையை அப்படியே தூக்கிவிட்டார்கள். பழைய டிவிடிகள் சிலவற்றில் குறைத்த வடிவம்தான் உண்டு. கிரைட்டீரியன் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட புளூரேயில் 183 நிமிடமும் இருக்கிறது.

அந்தாலஜி படங்களுக்கு இந்தக் கதி புதிதில்லை. சத்யஜித் ராய் 1961-ல் தாகூரின் மூன்று கதைகளை வைத்து 'தீன் கன்யா' எடுத்தார். வெளிநாட்டில் அது இரண்டு கதைகளோடு, 'இரண்டு மகள்கள்' என்ற பெயரில் ஓடியது. விடுபட்ட கதை எது தெரியுமா? பேய்க்கதையான 'மணிஹாரா'தான். நீளம் என்று வந்தால் முதலில் கத்தரி விழுவது பேய்மேல்தான் போலிருக்கிறது. அதனால் எந்தப் பழைய அந்தாலஜியைப் பார்ப்பதாக இருந்தாலும், மொத்தம் எத்தனை கதை, நம் கையில் இருப்பதில் எத்தனை கதை என்று எண்ணிவிட்டுத் தொடங்குவது நல்லது.

இரண்டாவது படி: நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மூன்று மணி நேரத்தையும் ஒரே மூச்சில் பார்த்தால்தான் மரியாதை என்று நினைக்க வேண்டாம். கதைகளுக்குள் தொடர்பு கிடையாது. ஒரு கதையின் ஆள் இன்னொன்றில் வருவதில்லை. 1945-ல் வந்த ஆங்கிலப் படமான 'டெட் ஆஃப் நைட்' போன்றவற்றில் எல்லாக் கதைகளையும் சுற்றி ஒரு சட்டகக் கதை இருக்கும். அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கடைசியில் வரும் சுருக்கு இறுகாது. 'க்வைதானு'க்கு அந்தத் தொல்லை இல்லை.

என் யோசனை: இரண்டு இரவு. முதல் இரவு 'கருங்கூந்தல்', 'பனிப்பெண்'. இரண்டாம் இரவு 'காதில்லாத ஹோயிச்சி', 'ஒரு கோப்பை தேநீரில்'. மூன்றாவது கதை மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதற்குத் தெளிவான தலை வேண்டும். இரண்டு கதை பார்த்துக் களைத்த கண்ணோடு அதற்குள் போனால், படத்தின் சிறந்த பகுதியைக் கொட்டாவி விட்டுக்கொண்டே பார்ப்பீர்கள். கதைக்கு நடுவில் மட்டும் நிறுத்தாதீர்கள். வரிசையையும் மாற்ற வேண்டாம். நான்காவது கதை முதல் மூன்றையும் கொஞ்சம் கேலி செய்கிற மாதிரி இருக்கும். அதை முதலில் பார்த்தால் கேலி என்று தெரியாது.

மூன்றாவது படி: அறை, திரை, அதற்கு மேல் ஒலி

திரை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இது அகலத்திரைப் படம். டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்று ஸூம் செய்யாதீர்கள், சட்டத்தின் இரண்டு ஓரமும் போய்விடும். கோபயாஷி ஓரத்தில் ஆள் வைக்கிறவர். டிவியின் அமைப்புகளில் மோஷன் ஸ்மூதிங் (அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். அது பழைய படத்தை சீரியல் மாதிரி ஆக்கிவிடும். விளக்கையும் அணையுங்கள். கைபேசி வேறு அறையில்.

இனி ஒலி. இந்தப் படத்துக்கு இசையமைத்தவர் தோரு தகெமிட்சு. மெட்டு, பின்னணி வயலின், பேய் வருகிறது என்று முன்கூட்டியே அறிவிக்கும் திடுக் ஓசை, இதெல்லாம் அவரிடம் கிடையாது. மரத்தைப் பிளக்கும் சத்தம், மூங்கில் குழலின் மூச்சு, ஒற்றை நரம்பின் அதிர்வு என்று தனித்தனி ஓசைகளைப் பதிவுசெய்து, அவற்றைத் திரித்துப் படத்தில் வைத்தார். ஓசை வர வேண்டிய இடத்தில் வராது. வராது என்று நாம் விட்டுவிட்ட பிறகு வரும். ஒருவர் நடப்பது தெரியும், காலடிச் சத்தம் கேட்காது. வீட்டுச் சத்தத்தை எல்லாம் துடைத்து எடுத்துவிட்டு, ஒரே ஒரு பலகை முறியும் சத்தத்தை மட்டும் விட்டுவைப்பார். பயம் அந்த இடைவெளியிலிருந்து வருகிறது.

அதனால் இதை டிவியின் சின்ன ஸ்பீக்கரில் பார்த்தால் படத்தில் பாதி காணாமல் போகும். நல்ல ஹெட்போன் போதும். சத்த அளவை முதல் ஐந்து நிமிடத்தில் ஒருமுறை சரிசெய்துகொண்டு அப்படியே விடுங்கள். அமைதியான இடம் வந்ததும் "சவுண்டே இல்லையே" என்று ரிமோட்டைத் தேடக் கை போகும். விடுங்கள், அது பழுதில்லை. மின்விசிறி இரைந்தால் அதையும் அணைக்கலாம். சென்னை மே மாதத்தில் இது கொஞ்சம் அதிகப்படியான கோரிக்கைதான், டிசம்பரில் பாருங்கள்.

வசனவரிகளைப் பொறுத்தவரை, ஜப்பானிய ஒலியோடு ஆங்கில வசனவரி வைத்துப் பார்ப்பதுதான் வழி. பேச்சு குறைவான படம். வரிகள் ஓடி ஓடி வராது. ஹோயிச்சி பாடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. அங்கே வரி தவறினாலும் பரவாயில்லை, பாட்டைத் தவறவிடாதீர்கள்.

நான்காவது படி: எதை எதிர்பார்க்கக் கூடாது

வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், கண்ணாடியில் திடீரென ஓர் உருவம், இவற்றில் பழகியவர்கள் அவற்றைக் கொஞ்ச நேரம் மூட்டை கட்டி வைக்க வேண்டும். இந்தப் படத்தின் பேய்கள் துரத்துவதில்லை. பேச்சு மாறியவர்களிடம், மறக்கக் கூடாததை மறந்தவர்களிடம் கணக்குக் கேட்க வருகின்றன. சில சமயம் கணக்குக்கூடக் கேட்பதில்லை, வந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

முடிவில் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலும் முன்பே ஊகித்துவிடுவீர்கள். ஊகித்ததும் ஆர்வம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். "கண்டுபிடித்துவிட்டேன்" என்று நீங்கள் சொன்ன பிறகும் படம் அவசரப்படாது, தெரிந்த முடிவை நோக்கி மெதுவாக நடக்கும். அந்த நடையைத்தான் ரசிக்க வேண்டும்.

"செட்டு என்று அப்பட்டமாகத் தெரிகிறதே" என்பது இன்னொரு முணுமுணுப்பு. தெரியத்தான் செய்யும். பெரும்பகுதியை ஒரு பெரிய விமானக் கொட்டகைக்குள் செட்டுப் போட்டு எடுத்தார்கள். வானம் கையால் வரைந்த திரை. காடும் பனியும் உள்ளே செய்தவை. கலை வரலாறு படித்தவர் தன் முதல் வண்ணப்படத்தில் வேண்டுமென்றே செய்த வேலை அது. நிஜ வானத்தில் கண் வரைய முடியாது அல்லவா? இரண்டாவது கதையில் வானத்தைப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கணினி வரைகலைக்குப் பழகிய கண்ணுக்கு முதல் பத்து நிமிடம் உறுத்தும். தொடக்க எழுத்துகள் வரும்போதே கண்ணைப் பழக்கலாம். தெளிந்த நீரில் வண்ண மை சொட்டுச் சொட்டாக விழுந்து, சுருண்டு, விரிந்து, இழையிழையாகக் கரையும். கதை ஒன்றும் இல்லை, ஆள் இல்லை. அந்த இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டி ஓட்டிவிட்டால், படம் தன் வேகத்தை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தையே தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஐந்தாவது படி: ஒவ்வொரு கதையிலும் எங்கே கவனம் வைப்பது

முடிவுகளைச் சொல்லாமல் சொல்கிறேன்.

கருங்கூந்தல். கியோட்டோவில் வறுமையில் இருக்கும் ஒரு சாமுராய், நெசவு செய்து குடும்பம் காக்கும் மனைவியை விட்டுவிட்டு, பதவிக்காகப் பெரிய இடத்துப் பெண்ணை மணக்கிறான். புது மனைவிக்கு இவனும் ஒரு பொருட்டில்லை. வருஷங்கள் போகின்றன, பழைய வீடு நினைவில் அரிக்கிறது, திரும்பி வருகிறான்.

தொடக்கத்திலேயே அந்த வீட்டை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாசல், தரைப்பலகை, தடுப்புகள் எல்லாவற்றையும். கடைசியில் இதே வீட்டுக்குத்தான் வரப்போகிறீர்கள். பெண்களின் கறுத்த பற்களையும், மழித்துவிட்டு நெற்றியில் மேலே தீட்டிய புருவத்தையும் பார்த்துப் பேய் அடையாளம் என்று நினைத்துவிட வேண்டாம். அக்காலத்து உயர்குடிப் பெண்களின் அலங்காரம் அது. கடைசிப் பத்து நிமிடத்தில் ஹெட்போனின் பலன் தெரியும். அவன் கால் வைக்கும் பலகை முறிவதைக் கண் பார்த்துவிடும். காது இன்னும் கேட்டிருக்காது. கண்ணுக்கும் காதுக்கும் ஒட்டாமல் போகும்போது நமக்கே தலை சுற்றும். சாமுராயாக நடித்த ரென்தாரோ மிகுனியின் முகம் அந்தச் சில நிமிடத்துக்குள் எத்தனை வயது ஏறுகிறது என்று பாருங்கள்.

எனக்கு இந்தக் கதையின் நடுப்பகுதி கொஞ்சம் இழுவைதான். இரண்டாம் மனைவியை இவ்வளவு ஒற்றைத் தன்மையாகக் காட்டியிருக்க வேண்டாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனிப்பெண். பனிப்புயலில் மாட்டிக்கொள்ளும் இரண்டு விறகுவெட்டிகள், ஒரு கிழவர், ஓர் இளைஞன். படகுக்காரனின் குடிசையில் ஒதுங்குகிறார்கள். இரவில் ஒரு பெண் வருகிறாள். கிழவர்மேல் மூச்சை ஊதுகிறாள். இளைஞனை மட்டும், இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டுவிடுகிறாள். இளைஞனாக வருபவர் தத்சுயா நகதாய், பெண்ணாக கெய்கோ கிஷி.

அமெரிக்காவில் வெட்டியெறிந்தது இந்தக் கதையைத்தான். எனக்கு இதுவே படத்தின் மிக அழகான பகுதி. வானத்தில் கண்கள் வரைந்திருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். கதை நகர நகர வானத்தின் நிறம் மாறும். செந்நிறமும் மஞ்சளுமாக இருக்கும் குடும்ப வாழ்க்கையில், வெளிச்சம் நீலமாகிற கணம் ஒன்று வரும். விளக்கு அணைவதில்லை, யாரும் எழுந்திருப்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே முகத்தின் நிறம் இறங்கும். அந்தக் கணத்தில் வசனவரியைப் படித்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். அவன் பழைய கதையைச் சொல்லத் தொடங்கியதும் வரியை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். அவன் சொல்லப்போவது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

அவன் வைக்கோலால் பின்னும் செருப்புகளையும் மறக்காதீர்கள்.

காதில்லாத ஹோயிச்சி. இதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1185-ல் ஜப்பானின் ஷிமொனொசெகி நீரிணையில், தன்னோஉரா என்ற இடத்தில் ஒரு கடற்போர் நடந்தது. மினமோதோ, தாய்ரா என்ற இரண்டு குலங்கள். தாய்ரா குலம் தோற்றது. ஆறு வயதுக் குழந்தைப் பேரரசர் அன்தோகுவைப் பாட்டி எடுத்துக்கொண்டு கடலில் குதித்தார். குலத்தினர் பலரும் கூடவே குதித்தார்கள். தாய்ராவுக்கு ஹெய்கே என்றும் பெயர். அந்தக் கடலில் கிடைக்கும் ஒரு வகை நண்டின் ஓட்டில் கோபமான மனித முகம் போன்ற மேடுகள் இருக்கும். இறந்த வீரர்களே நண்டாகப் பிறந்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள், ஹெய்கே நண்டு என்றே பெயர். இந்தப் போரின் கதையை பீவா என்ற நரம்பு வாத்தியத்தோடு பார்வையற்ற பாடகர்கள் நூற்றாண்டுகளாகப் பாடிவந்தார்கள். ஹோயிச்சி அப்படி ஒரு பாடகன். போர் நடந்த கடலோரத்தில் உள்ள அமிதாஜி கோயிலில் தங்கியிருக்கிறான். ஓர் இரவு, ஒரு வீரனின் குரல் அவனைப் பாட வரச்சொல்லி அழைக்கிறது. கேட்கப்போகிறவர்கள் யார் என்று அவனுக்குத் தெரியாது, உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

தெற்கே வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும். அடிபட்டு, வெட்டுப்பட்டு, ஆயுசு முடியாமல் செத்தவர்களைத் தெய்வமாக்கி, அவர்கள் கோயிலிலேயே அவர்கள் கதையைப் பாடுவதும், பாட்டு முற்றும்போது சாமி வந்து இறங்குவதும் நமக்குப் புதிதில்லை. தங்கள் சாவைத் தாங்களே கேட்க விரும்பும் செத்தவர்கள்தான் ஹோயிச்சியின் சபையும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே பாடுகிறவனைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு மனமில்லை.

போர்க்காட்சியைக் கோபயாஷி இரண்டு விதமாகக் காட்டுகிறார். செட்டில் போட்ட கடலில், படகுகளில், நடிகர்கள். நடுநடுவே அதே போரைத் தீட்டிய பழைய பாணி ஓவியம். கேமரா ஓவியத்தின்மேல் நகரும். பாட்டு மேலே ஓடும். கத்தல் கிடையாது, வாள் மோதும் சத்தம் கிடையாது, பீவாவும் குரலும்தான். சிவந்த வானத்தின் கீழ் ஒவ்வொருவராகக் குதிக்கிறார்கள். சிப்பாயாக இருந்து, தோற்ற நாட்டுக்குத் திரும்பிய ஒருவர் இதை எடுத்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். மற்ற மூன்று கதைகளையும் யார் வேண்டுமானாலும் நன்றாக எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். இதை அவர் மட்டும்தான் எடுத்திருக்க முடியும்.

அப்புறம், எழுதும் காட்சி. ஹோயிச்சியைக் காப்பாற்ற, கோயில் தலைமைத் துறவியும் இளந்துறவியும் அவன் உடம்பு முழுக்கத் தூரிகையால் சூத்திரம் எழுதுகிறார்கள். தலைமைத் துறவியாக வருபவர் தகாஷி ஷிமுரா. எழுதுவது இருதய சூத்திரம். அது ஒரு பௌத்த நூல். உருவமே சூன்யம், சூன்யமே உருவம் என்பது அதன் சாரம். உருவம் இல்லை என்கிற எழுத்தை உடம்பில் எழுதிக்கொண்டவன் பேயின் கண்ணுக்குத் தெரியமாட்டான். தர்க்கம் எவ்வளவு கச்சிதம் பாருங்கள். நெற்றி, கன்னம், இமை, மார்பு, விரல் என்று தூரிகை எங்கெல்லாம் போகிறது, எங்கே போகவில்லை என்று கவனியுங்கள். கதையின் தலைப்பு முடிவைச் சொல்லிவிட்டது, ஆனாலும் அந்தக் காட்சியில் "ஐயோ, அங்கே எழுதுங்களேன்" என்று சொல்லத் தோன்றும்.

குழந்தைகளோடு பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: படத்தில் ரத்தம் அதிகம் இல்லை; இந்தக் கதையின் முடிவில் வரும் ஒரு காட்சி மட்டும் கொடூரமானது. குழந்தையோடு கடலில் குதிக்கும் காட்சியும் இதில்தான்.

ஒரு கோப்பை தேநீரில். இருப்பதில் சின்னது. பலருக்கு ஏமாற்றம் தருவதும் இதுதான். ஓர் எழுத்தாளர் முடிக்காமல் விட்ட பழைய கதை ஒன்றைச் சொல்கிறார்கள். கன்னாய் என்ற வீரன் தண்ணீர் குடிக்கக் கோப்பையை எடுக்கிறான். உள்ளே வேறொருவன் முகம் தெரிந்து புன்னகைக்கிறது. கொட்டிவிட்டு மறுபடி எடுக்கிறான், மறுபடி அதே முகம். கடைசியில் குடித்துவிடுகிறான். அன்றிரவு அந்த முகத்துக்காரன் நேரில் வருகிறான்.

ஹெர்னின் மூலக்கதையும் பாதியில்தான் நிற்கிறது. பழைய புத்தகங்களில் கதைகள் ஏன் நின்றுபோகின்றன என்று அவரே யோசிக்கிறார்: எழுதியவருக்குச் சோம்பலாக இருந்திருக்கலாம், பதிப்பாளரோடு தகராறாக இருந்திருக்கலாம், யாராவது கூப்பிட்டு எழுந்து போயிருக்கலாம், சாவு வந்திருக்கலாம். தனக்குப் பல முடிவுகள் தோன்றுவதாகவும், ஒன்றும் திருப்தியாக இல்லை என்றும் சொல்லிவிட்டு, ஓர் ஆத்மாவைக் குடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை வாசகரிடமே விட்டுவிடுகிறார். கோபயாஷி அங்கே நிற்கவில்லை; கதையை எழுதியவர் என்ன ஆனார் என்று தேடிப்போகிறார். எனவே வீரனின் கதை அறுந்து நிற்கும்போது "அவ்வளவுதானா?" என்று எழுந்துவிடாதீர்கள், இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன.

ஆறாவது படி: யாரோடு பார்ப்பது

தனியாகப் பார்க்கலாம், அல்லது பேசாமல் உட்காரத் தெரிந்த ஒருவரோடு. கூட்டமாகப் பார்த்தால் யாராவது ஒருவர் அமைதியான இடத்தில் ஜோக் அடிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள்; தகெமிட்சு ஒரு மணி நேரமாகச் சேர்த்துவைத்தது போய்விடும். ஏற்கெனவே பார்த்தவர் கூட இருந்தால் "இப்போ பாரு" என்று சொல்லக் கூடாது என்று முதலிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

பார்த்து முடித்தவுடன் எந்தக் கதை முதல், எந்தக் கதை கடைசி என்று மதிப்பெண் போடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்தாலஜி படம் என்றாலே அப்படித்தான் பேச்சு போகும். அன்றைக்கே போடாமல் ஒரு வாரம் விட்டுப் போட்டுப் பாருங்கள்; பட்டியல் மாறியிருக்கும். பார்க்கும்போது இழுவையாக இருந்த 'கருங்கூந்தல்' மேலே ஏறுவதைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அடுத்து என்ன

ஹெர்னின் புத்தகங்கள் காப்புரிமை முடிந்தவை. குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஹோயிச்சியின் கதை அதில் சில பக்கம்தான், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பதைவிட, பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது. ஒரு வரியை இயக்குநர் எப்படிப் பத்து நிமிடம் ஆக்கினார் என்பது அப்போதுதான் தெரியும். பனிப்பெண் கதையில் புத்தகத்தில் பத்துக் குழந்தைகள், படத்தில் மூன்று.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் முழுதாக வேண்டாம், 'கருங்கூந்த'லின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் இரண்டு தடவை பாருங்கள்: ஒருமுறை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு. அடுத்த படம் வேண்டும் என்றால் 'தீன் கன்யா'. மூன்று கதையும் இருக்கிற பிரதிதானா என்று பார்த்து எடுங்கள், 'மணிஹாரா' இரண்டாவதாக வரும்.